இருபதாயிரத்துக்குள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: எட்டாம் தலைமுறை செகண்ட்ஸ் மினி பிசி

மேஜைக்கு அடியில் பத்து வருடமாக நிற்கும் சிபியூவை மாற்றியே ஆக வேண்டும், இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போக முடியாது என்ற வீடுகளுக்கு எங்கள் சிபாரிசு ஒன்றுதான்: அலுவலகங்களில் ஓடி, லீஸ் முடிந்து, செகண்ட்ஸ் சந்தைக்கு வந்திருக்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் மினி பிசி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி என்ற மூன்று மாடல்கள் எளிதாகக் கண்ணில் படும். மூன்றும் ஒரு தடித்த அகராதியின் அளவுதான். உள்ளே பெரும்பாலும் ஐ5-8500டி பிராசஸர்: ஆறு கோர், 35 வாட். பிரௌசர், யூடியூப், ஆன்லைன் வகுப்பு, எக்செல், டேலி, பிள்ளைகளின் பைத்தான் பாடம் என்று வீட்டில் நடக்கும் எல்லா வேலைக்கும் இது தாராளம்.

வாங்குவதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. தனிப்பட்ட பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் வசதி இருக்கிறது. அதற்கு விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். உங்கள் பழைய பெட்டியில் நான்காம் தலைமுறை ஐ3 அல்லது ஐ5, எட்டு ஜிபி ராம், சுழலும் ஹார்டு டிஸ்க் என்று இருந்தால், அது இழுத்து இழுத்து ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த டிஸ்க்தான். அதற்குப் பதில் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் (240 ஜிபி சாட்டா) போட்டு, விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் மின்ட் 22 ஏற்றினால் 2029 ஏப்ரல் வரை அப்டேட் வரும். வீட்டில் விண்டோஸ் கட்டாயமில்லை என்றால் இருபதாயிரத்தைச் செலவழிக்கவே வேண்டாம்.

கோர் 2 டூவோ காலத்துப் பெட்டியில் இப்படி ஒட்டுப்போட இடமில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பும் அதற்குப் பின் வந்தவையும் பாப்கவுன்ட் என்ற கட்டளையைப் பிராசஸர் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. அது இல்லாத சில்லில் எந்தக் குறுக்கு வழியில் ஏற்றினாலும் பூட் ஆகாது. ராமும் டிடிஆர்2 அல்லது டிடிஆர்3. புதிய பெட்டிக்கு அதைக் கொண்டுபோக முடியாது.

முதல் இலக்கத்தைப் பாருங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் முன் கேட்க வேண்டியது பிராசஸரின் முழு எண். ஐ5, ஐ7 என்பது குடும்பப் பெயர் மட்டும்தான். கோடுக்குப் பிறகு வரும் நாலு இலக்க எண்ணில் முதல் இலக்கம் தலைமுறை. 6500டி ஆறாம் தலைமுறை, 7500டி ஏழு, 8500டி எட்டு. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஏற்றுக்கொள்வது எட்டிலிருந்துதான். ஆறிலும் ஏழிலும் ரூஃபஸ் போன்ற கருவியால் ஏற்றிக் கொடுத்துவிட்டு "விண்டோஸ் 11 ஓடுது பாருங்க சார்" என்று காட்டுவார்கள். அப்போதைக்கு ஓடும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வருடாந்தரப் பெரிய பதிப்பு தானாக வராமல் நிற்கும். ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு உட்கார வேண்டும். பெட்டியின் வெளித்தோற்றத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஆப்டிபிளெக்ஸ் 3050ம் 3060ம் ஏறக்குறைய ஒரே முகம். எம்710கியூவும் எம்720கியூவும் அப்படியே. எச்பியில் ஜி3 என்றால் ஆறு அல்லது ஏழு, ஜி4 என்றால் எட்டு. ஏஎம்டி பக்கம் போகிறவர்கள் ரைசன் 3 2200ஜி, ரைசன் 5 2400ஜி இரண்டையும் கவனியுங்கள்: பெயரில் 2000 வரிசை என்று இருந்தாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இவை இல்லை.

இந்த எண் தெரியாததால் மக்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. "புது அசெம்பிள்டு பிசி, ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, கலர் லைட் கேபினெட்" என்று பதினைந்தாயிரத்தைச் சுற்றி ஆன்லைனில் வரும் விளம்பரங்களைத் திறந்து கீழே பாருங்கள். பிராசஸரின் எண் பல நேரம் இருக்காது. இருந்தால் ஐ7-2600 அல்லது ஐ7-3770 என்றிருக்கும். முதலாவது 2011இலும் அடுத்தது 2012இலும் வந்தவை. இரண்டும் கழித்துக் கட்டிய அலுவலகப் பெட்டிகளிலிருந்து பிடுங்கப்பட்டவை. கேபினெட் புதிது, எச்61 சிப்செட் போட்டு இப்போது தயாரித்த போர்டு புதிது, ராம் டிடிஆர்3. பெட்டிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். கையில் தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது. உள்ளே ஃபில்டர் காயிலும் நல்ல கெபாசிட்டரும் இல்லாத எஸ்எம்பிஎஸ் அப்படித்தான் லேசாக இருக்கும். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் முதலில் போவது அதுதான். போகும்போது போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக்கொண்டு போகும் ஆபத்தும் இருக்கிறது. ஐ7 என்ற பெயருக்காக இதை வாங்கியவருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. சாதாரண ஐ3-8100டி போட்ட மினி பிசி அதே வேலைகளை மிகக் குறைந்த மின்சாரத்தில் செய்துவிடும்.

மூன்றில் எது

டெல் 3060 மைக்ரோவைப் பிரிப்பது எளிது. பின்பக்கம் கையால் திருகக்கூடிய ஒரே ஸ்க்ரூ. அதைத் தளர்த்தி மூடியை முன்னோக்கித் தள்ளித் தூக்கினால் உள்ளே 2.5 இஞ்ச் டிஸ்க் வைக்கும் சட்டம் தெரியும். டெல் எங்கெல்லாம் கை வைக்கலாமோ அங்கெல்லாம் நீல நிறம் கொடுத்திருக்கிறது. அந்த நீலப் பிடிகளை அழுத்திச் சட்டத்தை வெளியே எடுத்து, ஊதுவிசிறியையும் நகர்த்தித் தூக்கினால் ராம் ஸ்லாட் இரண்டு கிடைக்கும். போர்டிலேயே செருகும் மெல்லிய பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டிக்கு ஓர் இடம், சாட்டா டிஸ்குக்கு ஓர் இடம். திரைக்கு ஒரு டிஸ்பிளே போர்ட், ஒரு எச்டிஎம்ஐ. அந்த எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு, அதாவது 4கே டிவியில் மாட்டினால் நொடிக்கு 30 ஃபிரேம்தான். மவுஸ் அம்பு விட்டு விட்டு நகரும். 4கே திரை என்றால் டிஸ்பிளே போர்ட்டைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஃபுல் எச்டி மானிட்டருக்கு எது வழியாகவும் பிரச்சனை இல்லை.

லெனோவோ எம்720கியூவிலும் எச்டிஎம்ஐ இதே கணக்குதான். கட்டமைப்பு இன்னும் கெட்டி. ராமும் எம்.2 எஸ்எஸ்டியும் அடிப்பக்க மூடிக்குள் இருப்பதால், மேல் மூடியைக் கழற்றிவிட்டு "ராமைக் காணோமே" என்று தேட வேண்டாம்; பெட்டியைக் கவிழ்த்து அடி மூடியைத் தள்ளுங்கள். எச்பி 800 ஜி4இல் எம்.2 எஸ்எஸ்டிக்கு இரண்டு இடம் இருப்பது பெரிய வசதி. ஒன்றில் விண்டோஸ், இன்னொன்றில் குடும்பப் படங்கள் என்று பிரித்து வைக்கலாம். ஆனால் இதில் பொதுவாக டிஸ்பிளே போர்ட்தான் இரண்டு இருக்கும்; எச்டிஎம்ஐ தனி மாட்யூலாக வரும், உங்களுக்குக் கிடைக்கும் பெட்டியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மூன்றும் ஒரே விலைக்கு வந்தால் எங்கள் வரிசை லெனோவோ, எச்பி, டெல். ஆனால் உண்மையில் மாடலை விட, கண் முன் இருக்கும் அந்த ஒரு பெட்டியின் நிலைமையும் அதோடு வரும் அடாப்டரும்தான் முக்கியம்.

அடாப்டர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்த மினி பிசிகளில் உள்ளே எஸ்எம்பிஎஸ் கிடையாது. லேப்டாப் போல வெளியே 65 வாட் அடாப்டர். டெல்லுக்கும் எச்பிக்கும் 19.5 வோல்ட், 4.5 மில்லிமீட்டர் வட்ட முனை, நடுவில் ஒரு மெல்லிய ஊசி. லெனோவோவுக்கு 20 வோல்ட், மஞ்சள் நிறத்தில் செவ்வக முனை. அந்த நடு ஊசி வழியாகத்தான் "நான் இத்தனை வாட் அடாப்டர்" என்ற செய்தி போர்டுக்குப் போகிறது. டெல்லும் எச்பியும் முனை அளவில் ஒன்றுபோல இருப்பதால் கடையில் மாற்றி மாட்டிக் கொடுத்துவிடுவது உண்டு. மாட்டினால் பெட்டி ஓடும். ஆனால் டெல் போர்டு அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளாமல், அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரித்துவிட்டு, பிராசஸரின் வேகத்தைப் பிடித்து அமுக்கிவிடும். நகல் அடாப்டரிலும் ஊசி வளைந்த அடாப்டரிலும் இதேதான் நடக்கும். வாங்கியவர் "செகண்ட்ஸ்னாலே இப்படித்தான்" என்று நினைத்துக்கொள்வார். கோளாறு அடாப்டரில் இருக்கும். அதனால் அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். கம்பெனி பெயர், வோல்ட், ஆம்பியர் (டெல் 65 வாட் என்றால் 3.34 ஆம்பியர்), பிஐஎஸ் முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண், இத்தனையும் இருக்க வேண்டும். மூன்று முள் பவர் கார்டும் கேட்டு வாங்குங்கள். எர்த் இல்லாத இரண்டு முள் கார்டு மாட்டினால் உலோகப் பெட்டியைத் தொடும்போது சுரீர் என்று அடிக்கும்.

கடையில் அரை மணி நேரம்

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் வார நாளில் காலையில் போங்கள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாலைக் கூட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து சோதிக்கக் கடைக்காரரும் விடமாட்டார். எந்த ஊர்க் கடையானாலும் சரி, கையில் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள். அதில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, எச்டபிள்யூ இன்ஃபோ, செவன்ஜிப் மூன்றையும் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் போர்ட்டபிள் வடிவில் வைத்திருங்கள்.

முதலில் பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் அமைப்புத் திரை. பவர் பட்டனை அழுத்தியதும் டெல்லில் எஃப்2, லெனோவோவில் எஃப்1, எச்பியில் எஃப்10. உள்ளே நுழையும்போதே பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள். பழைய கம்பெனி போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அது. லெனோவோவில் பேட்டரியைக் கழற்றினாலும் அது அழியாது. போர்டே மாற்ற வேண்டிவரலாம். அடுத்து செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்ற வரியைப் பாருங்கள். அது ஆக்டிவேட் ஆகியிருந்தால், திருட்டுப் போனாலும் கண்டுபிடிக்கப் பழைய முதலாளி போட்ட பூட்டு இன்னும் கழற்றப்படவில்லை என்று பொருள். அப்படிப்பட்டது வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் ஆன் ஆகட்டும். பெட்டியில் ஒட்டியிருக்கும் டெல் சர்வீஸ் டேக் ஏழு எழுத்து எண்ணும் பயாஸில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் போர்டு மாற்றப்பட்ட பெட்டி. அந்த எண்ணை டெல்லின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால் எந்த உள்ளமைப்போடு தொழிற்சாலையை விட்டு வந்தது என்று காட்டும்.

விண்டோஸுக்குள் வந்ததும் டிஸ்கின் ஆரோக்கியம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் நூற்றுக்கு எத்தனை சதவீதம் மீதி, எத்தனை மணி நேரம் ஓடியது என்று இருக்கும். அலுவலகத்தில் இரவும் பகலும் அணைக்காமல் விட்ட பெட்டியின் எஸ்எஸ்டி இருபதாயிரம் மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் போன்ற ஒரிஜினல் டிஸ்காக இருந்து, 85 சதவீதத்துக்கு மேல் ஆரோக்கியம் காட்டினால் வீட்டில் இன்னும் பல வருடம் ஓடும். ஓடிய நேரம் ஐந்து மணி, பெயர் கேள்விப்படாத பெயர் என்றால் கடைக்காரர் போட்ட மலிவு டிஸ்க். அதைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு நீங்களே நல்லதாக ஒன்று வாங்கிப் போடுவது மேல்.

பிறகு செவன்ஜிப்பில் உள்ள பெஞ்ச்மார்க்கைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்தில் எச்டபிள்யூ இன்ஃபோவில் சூட்டையும் வேகத்தையும் பாருங்கள். ஐ5-8500டியின் அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ். முழுச் சுமையிலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 0.8இல் ஒட்டிக்கொண்டு நின்றால் முன்பு சொன்ன அடாப்டர் கோளாறு. வேகம் சரியாக இருந்து, சூடு ஓரிரு நிமிடத்தில் 90 டிகிரியைத் தாண்டினால் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. இது வாங்காமல் விட வேண்டிய குறை இல்லை. பேஸ்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், உங்கள் கண் முன்னால் கால்மணி நேர வேலை. விசிறி கரகரவென்று சத்தம் போட்டால் மட்டும் விசிறியையே மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் விட்டுக் கொடுப்பது சில வாரம்தான் தாங்கும்.

மவுஸை ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டையிலும் மாட்டிப் பார்த்து, முன்பக்க ஹெட்போன் துளையில் ஆடியோ கேட்டு, லேன் கேபிள் செருகி, திரைக்கான இரண்டு போர்ட்டையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். கடைசியாக அடாப்டரைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி மாட்டுங்கள். தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் உள்ளே இருக்கும் சிஆர்2032 நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பத்து ரூபாய் பேட்டரிதான், ஆனால் மாற்றாமல் விட்டால் தேதி தப்பாக இருப்பதால் பேங்க் தளங்கள் திறக்காது. எங்கே கோளாறு என்று தெரியாமல் அலைய வேண்டும்.

வாரண்டி என்று வாயால் சொல்வது எழுத்தில் வந்தால்தான் வாரண்டி. சில கடைகள் ஏழு நாள் "டெஸ்டிங் வாரண்டி" மட்டும் தரும், சில ஆறு மாதம், ஒரு வருடம் வரை தரும். ஓரிரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் ஒரு வருடம் தருகிற கடையை எடுங்கள். பில்லில் மாடல், சீரியல் எண், அடாப்டர் உட்பட என்ற வார்த்தை மூன்றும் இருக்கட்டும்.

லைசென்ஸும் புதிதாக ஏற்றுவதும்

இந்தப் பெட்டிகள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்தபோது பெரும்பாலும் விண்டோஸ் 10 புரோவோடு வந்தவை. அந்தச் சாவி பயாஸிலேயே பதிந்திருக்கும். அதே சாவியில் விண்டோஸ் 11 புரோ தானாக ஆக்டிவேட் ஆகும். ஆனால் கடைக்காரர் ஒரே இமேஜை எல்லாப் பெட்டியிலும் ஏற்றி, கள்ள ஆக்டிவேட்டரை ஓட்டிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று அடியுங்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். வரும் பெட்டியில் ஓஇஎம் டிஎம் சேனல் என்றிருந்தால் ஒரிஜினல். வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்றிருந்தால் அது கம்பெனிகளுக்கு மொத்தமாகத் தரும் வகை, வீட்டுக்கான லைசென்ஸ் இல்லை. அதை ஆக்டிவேட் ஆனதாகக் காட்டப் பெரும்பாலும் ஒரு புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் புரோகிராமோடு வேறு என்ன வந்து ஒட்டியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே கம்ப்யூட்டரில்தான் நீங்கள் நெட் பேங்கிங் செய்யப் போகிறீர்கள்.

அதனால் எது இருந்தாலும் வீட்டுக்கு வந்த அன்றே டிஸ்கைத் துடைத்துப் புதிதாக ஏற்றுங்கள். எட்டு ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் டூல், அவ்வளவுதான் வேண்டும். டெல்லிலும் லெனோவோவிலும் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்திப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் டெலிட் செய்துவிட்டுத் தொடருங்கள். லினக்ஸ் ஏற்றுகிறவர்களுக்கு டெல்லில் ஒரு தடை வரும்: டிஸ்கே தெரியாது. பயாஸில் சாட்டா ஆபரேஷன் ரெய்டு என்றிருப்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரிந்துவிடும். விண்டோஸ் ஏற்றிய பிறகு இதை மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், அதனால் ஏற்றுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

ஏற்றி முடித்ததும் பயாஸ் அப்டேட்டையும் போட்டுவிடுங்கள். செக்யூர் பூட்டுக்காக மைக்ரோசாஃப்ட் 2011இல் கொடுத்த சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. புதிய சான்றிதழ்கள் விண்டோஸ் அப்டேட் வழியாகவும் கம்பெனியின் பயாஸ் வழியாகவும் வருகின்றன. வருடக்கணக்கில் யாரும் கைவைக்காத அலுவலகப் பெட்டிக்கு இது அவசியம். பயாஸ் ஏறும்போது கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

வீட்டில் மாட்டும்போது

பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதா? டிஸ்பிளே போர்ட்டிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்குங்கள். ஒரு முனையில் டிஸ்பிளே போர்ட், மறு முனையில் விஜிஏ என்று வெறும் கம்பியாக இருப்பதால் வேலை நடக்காது. டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஆக்க நடுவில் ஒரு சில்லு வேண்டும். ஊதாவும் பச்சையுமாக வட்ட முனை கொண்ட பழைய கீபோர்டு, மவுஸுக்கு இதில் இடமில்லை. டிவிடி டிரைவும் இல்லை.

வைஃபை பலரையும் ஏமாற்றும் இன்னொரு இடம். அலுவலகத்தில் லேன் கேபிளில் ஓடியவை என்பதால் பல பெட்டிகளில் வைஃபை கார்டே இருக்காது. ராம் பக்கத்திலோ டிஸ்குக்கு அடியிலோ சின்ன எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கும். அதில் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டைப் போடலாம். ஏஎக்ஸ்201 எட்டாம் தலைமுறைப் போர்டில் வேலை செய்யாது, பெயரில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் இடம் மாறுவதால் பார்த்து வாங்குங்கள். கூடவே இரண்டு ஆன்டெனா கம்பியும் வேண்டும். அந்தக் குட்டி முனையைக் கார்டில் அழுத்திப் பொருத்துவது பொறுமையான வேலை. அது ஒத்துவரவில்லை என்றால் நல்ல யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போதும்.

ராம் எட்டு ஜிபி என்பது பிரௌசரில் பத்து டேப் திறக்கும் வரைதான் நிம்மதி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பெட்டி வாங்கும்போதே எட்டும் எட்டுமாகப் பதினாறு ஜிபி போட்டு விலை பேசுங்கள். ஒரே எட்டு ஜிபி குச்சியைவிட இரண்டு குச்சி போட்டால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸும் வேகம் எடுக்கும். புது ராம் போட்ட பிறகு டெல்லில் திரை வராமல் பவர் விளக்கு ஆம்பர் நிறத்தில் கண்சிமிட்டினால் ராம் சரியாக உட்காராமல் இருக்கலாம். எடுத்து மறுபடி 'க்ளிக்' கேட்கும் வரை அழுத்துங்கள்.

மின்சாரத்தில் கிடைக்கும் லாபம் கண்ணுக்குத் தெரியும். பழைய டவர் சும்மா இருக்கும்போதே 60, 70 வாட் இழுக்கும். இந்த மினி பிசி 10 முதல் 15 வாட். ஐம்பது வாட் மிச்சம், தினம் ஆறு மணி நேரம் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 18 யூனிட். ஸ்லாப் ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்கு அது பெரிய விஷயம். பழைய 600 விஏ யூபிஎஸ்ஸும் முன்பைவிட அதிக நேரம் தாங்கும்.

பழைய பெட்டியிலிருந்து கொண்டுவர வேண்டியவற்றில் பலரும் மறப்பது எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதம், பத்திரம், சங்கக் கணக்கு எல்லாம் புதிய கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி அடிப்பதற்குத் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் விண்டோஸ் 11இலேயே இருக்கின்றன. டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரையும், லைசென்ஸைப் பழைய கம்ப்யூட்டரில் சரண்டர் செய்வதையும் மறக்க வேண்டாம். பிரிண்டர் கேனான் எல்பிபி2900 அல்லது எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் விண்டோஸில் 64 பிட் டிரைவர் இருக்கிறது. லினக்ஸில் இவை இரண்டும் மல்லுக்கட்ட வைக்கும். பிரிண்டர்தான் முக்கியம் என்ற வீட்டில் லினக்ஸ் முடிவை யோசித்து எடுங்கள்.

யாருக்கு இது வேண்டாம்? கேம் ஆடுகிறவர்களுக்கும், வீடியோ எடிட்டிங் தொழிலாகச் செய்கிறவர்களுக்கும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட இடமில்லை. பழைய 3.5 இஞ்ச் டிஸ்கை உள்ளேயே வைக்க வேண்டும் என்பவர்கள் இதே வரிசையில் எஸ்எஃப்எஃப் என்ற கொஞ்சம் பெரிய பெட்டியைப் பார்க்கலாம். புதுசுதான் வேண்டும், வாரண்டி முக்கியம் என்றால் இன்டெல் என்100 போட்ட புது மினி பிசி நியாயமான தேர்வு: ஆறு வாட் சில்லு, நாலு கோர், யூடியூப் இப்போது அனுப்பும் ஏவி1 வீடியோவை வன்பொருளிலேயே ஓட்டும், எட்டாம் தலைமுறையால் அது முடியாது. ஆனால் பல வேலைகள் சேர்ந்து ஓடும்போது 8500டிதான் முன்னால் நிற்கும். பெயர் தெரியாத கம்பெனியின் என்100 பெட்டிக்குப் பயாஸ் அப்டேட் வருமா என்பதும் சந்தேகம். இதே விலைக்கு வரும் செலரான், நாலு ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி லேப்டாப்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். ராமும் டிஸ்கும் போர்டோடு ஒட்டியவை, பிறகு எதையும் கூட்ட முடியாது. விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடம் பற்றாது.

பழைய சிபியூவை எடைக்குப் போடுவதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். 3.5 இஞ்ச் டிஸ்கைப் படிக்கத் தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் யூஎஸ்பி டாக் வேண்டும்; லேப்டாப் டிஸ்குக்கான சின்னக் கேபிளில் அது சுழலாது. நகல் எடுத்த பிறகும் மூன்று மாதம் அலமாரியில் வைத்திருங்கள், ஏதோ ஒரு ஃபோல்டர் விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வரும். அதன் பிறகு யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், ஃபார்மேட் செய்யும்போது குவிக் ஃபார்மேட் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் இருந்தால் அழிவது பெயர்ப் பட்டியல் மட்டும். டிக்கை எடுத்தால் டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதப்படும். ஒரு டெராபைட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.